க்யூவுக்கு யூ எதற்கு?

கேள்வி: "க்யூ, எக்ஸ், இஸட் மாதிரி அபூர்வ எழுத்துகளில் தொடங்கும் சின்ன ஆங்கிலச் சொற்கள், பொருளோடு கிடைக்குமா?"

தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையின் ஸ்கிராபிள் போட்டிக்காகக் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன் (டைல் என்னும் எழுத்துக் கட்டைகளைப் பையிலிருந்து எடுத்துப் பலகையில் சொல் அமைக்கும் ஆட்டம்). வேறு காரணம் என்றாலும் சொற்கள் அதேதான். "தமிழ்ப்பள்ளியில் எதற்கு ஆங்கில விளையாட்டு?" என்று கிளம்புகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று: இந்தச் சொற்களில் பாதி ஆங்கிலமே இல்லை. அரபு, சீனம், இந்தி, திபெத்தியம். பினாங்கில் வளரும் பிள்ளை அவற்றில் பலவற்றைத் தெருவிலேயே கேட்டிருக்கும். எழுத்துக்கூட்டுதான் தெரியாது.

எழுத்துகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். 'டீ' என்று நீட்டினால் ஆங்கில வரிசையில் இருபதாவது எழுத்து, 'டி' என்று குறுக்கினால் நான்காவது. 'பி' என்றால் இங்கே எப்போதும் இரண்டாவது எழுத்து. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

க்யூவிலிருந்து தொடங்குவோம், பிள்ளைகள் கண் கலங்குவது அதற்குத்தான். 100 டைலில் க்யூ ஒன்றே ஒன்று, மதிப்பு 10. அது கையில் வந்ததும் யூ வரட்டும் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. பையில் யூ மொத்தமே 4. ஐ எத்தனை தெரியுமா? 9. ஆகவே முதலில் படிக்கவேண்டிய சொல் க்யூ-ஐ. 'சீ' என்று உச்சரிக்கவேண்டும். சீனர்கள் சொல்லும் உயிர்மூச்சு, உடம்புக்குள் ஓடும் ஆற்றல். நம் ஊர் ஹொக்கியன்காரர்கள் 'கீ' என்பார்கள். தாய்ச்சியில் வரும் 'ச்சி' இது என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள், தவறு. அது வேறு சொல். சீகோங் மூச்சுப் பயிற்சியில் இருக்கும் 'சீ'தான் இது. பின்னால் எஸ் சேர்த்துப் பன்மையாக்கலாம், ஆனால் எஸ் நான்குதான் இருக்கிறது. கூடுதலாகக் கிடைக்கும் ஓரிரண்டு புள்ளிக்காக அதைச் செலவழிக்கக் கூடாது.

இரண்டெழுத்துச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? கணக்கைப் பாருங்கள். பலகையில் கருநீலக் கட்டம் எழுத்தை மும்மடங்காக்கும். க்யூவை அதில் வைத்து, வலப்பக்கம் ஓர் ஐ, கீழே ஓர் ஐ அமைந்துவிட்டால் குறுக்கே 31 (க்யூவுக்கு 30, ஐக்கு 1), நெடுக்கே 31, ஆக 62. ஏழு டைலையும் இறக்கினால் கிடைக்கும் போனஸே 50தான்.

அடுத்து க்யூ-ஏ-டி-ஐ. மலாயில் 'காடி' என்று கேட்டிருப்பீர்கள், இஸ்லாமியத் திருமணங்களை நடத்திவைப்பவர். ஆங்கில அகராதியில் இஸ்லாமிய நீதிபதி. முதலெழுத்து கே என்றாலும் சி என்றாலும்கூடச் செல்லும். அதே நான்கு டைலைக் கலைத்து க்யூ-ஏ-ஐ-டி என்று வைத்தால் வட ஆப்பிரிக்கப் பக்கத்துத் தலைவர். ஒன்று பலகையில் பொருந்தாவிட்டால் மற்றது பொருந்தும், இரண்டையும் ஜோடியாகவே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். க்யூ-ஏ-டீ ஏமன் நாட்டில் மெல்லும் ஒரு போதை இலை. க்யூ-ஐ-பி-எல்-ஏ தொழுகைத் திசை: ஹோட்டல் அறைக் கூரையில் அம்புக்குறி ஒட்டியிருக்குமே, அந்த 'கிப்லாட்'. மலாய் வழக்கப்படி கடைசியில் டீ சேர்த்தால் செல்லாது, இங்கே பிள்ளைகள் வழுக்குவது அதில்தான். முடிவில் க்யூ வரும் சொற்களும் உண்டு. எஸ்-யூ-க்யூ அரபுச் சந்தை. டீ-ஏ-எல்-ஏ-க்யூ தலாக்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் '101 க்யூ சொற்கள்' பட்டியலை நம்பவேண்டாம். அதில் நாட்டின் பெயரும் விமான நிறுவனத்தின் பெயரும் இருக்கும். சிறப்புப் பெயர்களும் ஐ-க்யூ போன்ற சுருக்கங்களும் செல்லாது.

எக்ஸில் தொடங்கும் சொற்களைத் தேடுவது கிட்டத்தட்ட வீண் வேலை. எக்ஸ்-ஐ கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர், எக்ஸ்-யூ வியட்நாமியப் பழைய காசு, டோங்கில் நூறில் ஒரு பங்கு. இவற்றுக்கு மேல் முதலில் எக்ஸ் வரும் சொல் பள்ளிப் போட்டிக்குத் தேவையில்லை. எக்ஸ் கடைசியில்தான் வாழும்: ஏ-எக்ஸ் கோடரி, ஓ-எக்ஸ் எருது, இ-எக்ஸ் முன்னாள் துணை. (கடைசிப் பொருளைப் பத்து வயதுக்கு எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.) எக்ஸ் 8 புள்ளி, எல்லா உயிரெழுத்தோடும் சேரும். க்யூவைவிட இதைத்தான் நான் விரும்புவேன்.

இஸட்-ஏ, பீட்சாவின் செல்லச் சுருக்கம். இஸட்டுக்கும் 10 புள்ளி, பையில் ஏவும் 9 என்பதால் க்யூ-ஐ போலவே 62 கணக்கு இதற்கும் பொருந்தும். இஸட்-ஓ திபெத்தில் யாக்குக்கும் பசுவுக்கும் பிறக்கும் கலப்பு மாடு. அமெரிக்கப் பட்டியலில் இது கிடையாது. இங்கே போட்டிகளில் காலின்ஸ் அகராதியின் சொற்பட்டியல்தான், எனவே இணையத்தில் எடுக்கும் பட்டியல் எந்த நாட்டுக்கானது என்று பாருங்கள். இஸட்-இ-பி-யூ திமில் மாடு, நம் காளைதான். இஸட்-ஐ-எல்-ஏ வேறொன்றுமில்லை, ஜில்லா. இஸட்-ஏ-கே-ஏ-டீ மலாய்க்காரர்கள் செலுத்தும் ஸக்காத்தேதான், இஸட்டும் கேயும் சேர்ந்து 15. இஸட்-ஏ-எக்ஸ் கூரைக்கான சிலேட்டுக் கல் வெட்டும் கருவி. இஸட்-ஏ-ஆர்-எஃப், கைப்பிடி இல்லாத காப்பிக் கோப்பையைச் சொருகிப் பிடிக்கும் உலோகக் கூடு.

ஜேவில் மூன்று போதும். ஜே-ஓ ஸ்காட்லாந்துப் பேச்சில் அன்புக்குரியவர், ஜே-ஏ தென்னாப்பிரிக்கர்களின் 'ஆமாம்', ஜே-ஏ-ஐ நம் 'ஜெய்'. வி மட்டும் இரண்டெழுத்துச் சொல் எதிலும் வராது. எதிராளிக்கு இடம் கொடுக்காமல் அடைக்க வி நல்ல டைல். வி-யூ-ஜி பாறைக்குள் இருக்கும் பொந்து, வி-ஓ-இ சிறு கடற்கழி.

"பொருள் எதற்கு?" என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். மலேசியாவில் குடியேறிய நியூசிலாந்துக்காரர், ஸ்கிராபிள் உலகச் சாம்பியன் நைஜல் ரிச்சர்ட்ஸை உதாரணம் காட்டுவார். உண்மைதான், அவர் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு உலகப் பட்டமும், 2024இல் ஸ்பானிஷ் பட்டமும் வென்றவர். ஆட்ட விதி பொருள் கேட்பதில்லை. ஆனால் அவர் மூளை வேறு. பத்து வயதுப் பிள்ளைக்கு இஸட்-ஓ என்றால் மாடு என்று ஒரு படம் மனதில் இருந்தால்தான் போட்டிப் பதற்றத்தில் கைகொடுக்கும்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறை, கேள்விக்குச் சம்பந்தமில்லை. வென்ற பிள்ளைக்கு எப்போதும் பிளாஸ்டிக் கோப்பையும் ஒரு ஹேம்பரும்தான் கொடுக்கிறார்கள். ஓர் அகராதி வாங்கிக் கொடுத்தால் என்ன? இன்னொன்று: நம் கடைப் பலகைகளில் தோசைக்கு முதலெழுத்து டீ. ஸ்கிராபிளில் அது செல்லாது. டி-ஓ-எஸ்-ஏ-ஐ செல்லும், டி-ஓ-எஸ்-ஏ என்பதன் பன்மையாக! நம் சொல்லின் சரியான ஒலி காலின்ஸில் இருக்கிறது, நம் கடைப் பலகையில் இல்லை.

சரி, க்யூ போகவே மாட்டேன் என்றால்? இரண்டு முறை பார்த்தும் இடமில்லையா, மூன்றாவதில் அதைப் பையில் போட்டு வேறு டைலாக மாற்றிவிடவேண்டும். ஒரு முறை இழப்பு, ஆனால் பையில் 7 டைலாவது இருக்கும்போதுதான் மாற்ற விடுவார்கள். அதற்குள் செய்யாமல் கடைசியில் க்யூவோடு மாட்டிக்கொண்டால், எதிராளி முதலில் முடித்ததும் அந்த 10 இரட்டிப்பாகி 20 ஆக அவர் கணக்கில் ஏறும். இருபது புள்ளியில் தோற்கும் ஆட்டங்கள் ஏராளம்.

பயிற்சிக்கு வாரம் பத்துச் சொல் போதும். எழுதிப் பார்ப்பதைவிட டைலை ரேக்கில் (ஆளுக்கொன்றாக இருக்கும் டைல் தாங்கி) அடுக்கிப் பார்ப்பது நல்லது. அதோடு வாரத்தில் ஒரு நாள் நான்கு யூவையும் பையிலிருந்து எடுத்து மறைத்துவைத்து விளையாட விடுங்கள். முதல் ஆட்டத்தில் முணுமுணுப்பார்கள், மூன்றாவதில் க்யூ வந்ததும் ஐயைத் தேடுவார்கள். முடிந்ததும் நான்கையும் மறக்காமல் பையில் திருப்பிப் போடுங்கள். 96 டைலோடு போட்டிக்குப் போனால் திட்டு வாங்குவது பிள்ளைதான்.