வாசகர் கேள்வி பதில்: மூன்று மாடி உயர மோட்டார்

கேள்வி: பழைய மோட்டார்களை வாங்கி, காயில் கட்டி ஓடவிட்டுப் பார்ப்பது எனக்கும் என் நண்பர்கள் சிலருக்கும் பொழுதுபோக்கு. ‘குவீன் எலிசபெத் 2’ பயணிகள் கப்பலில் இருந்த மோட்டாரின் படத்தை அவர்களில் ஒருவர் காட்டியபோது வாயடைத்துப் போனோம். அதன் திறன் அதிகம் என்பதால்தான் அது அவ்வளவு பெரிதாக இருக்கிறதா?
— வாசகர், பல்லடம்

பதில்: திறன் ஒரு காரணம்தான், அது மெதுவாகச் சுழல்வது இன்னொரு காரணம். 1986-87இல் அந்தக் கப்பலின் நீராவி எந்திரங்களைக் கழற்றிவிட்டு, 9 டீசல் ஜெனரேட்டர்களையும், புரொபெல்லருக்கு ஒன்று வீதம் 2 மின்மோட்டார்களையும் பொருத்தினார்கள். ஒவ்வொரு மோட்டாரும் 44 மெகாவாட், அதாவது ஏறக்குறைய 59,000 எச்.பி.; விட்டம் சுமார் 9 மீட்டர், எடை 400 டன்னுக்கு மேல். நிமிர்த்தி வைத்தால் மூன்று மாடி வீட்டின் உயரம் வரும்.

இதைக் கிணற்று மேட்டில் ஓடும் 5 எச்.பி. மோட்டாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று சுற்றுகிறது. கப்பல் மோட்டாரின் முழு வேகமோ வெறும் 144 சுற்றுதான். திறனில் சுமார் 11,800 மடங்கு பெரியதான அந்த மோட்டார், பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சுழல்வதால், தண்டில் தர வேண்டிய முறுக்குவிசை (தண்டைத் திருகிச் சுழற்றும் விசை) 1,18,000 மடங்காகிவிடுகிறது. மோட்டாரின் பருமனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த முறுக்குவிசைதான். இரும்பு தாங்கும் காந்தப்புலத்துக்கும் செம்பு தாங்கும் சூட்டுக்கும் எல்லை இருப்பதால், ரோட்டாரின் பரப்பில் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு விசைதான் கிடைக்கும் என்றாகிறது. அதற்கு மேல் வேண்டுமானால் பரப்பைக் கூட்ட வேண்டும், இல்லையேல் செக்குமாட்டை நீண்ட தடியின் முனையில் பூட்டுவதுபோல, விசை செயல்படும் இடத்தை மையத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். விட்டத்தைப் பெருக்கினால் இரண்டும் ஒருசேர நடக்கும்.

காயில் கட்டுகிறவர் என்பதால் இன்னொரு கணக்கும் உங்களுக்குப் பிடிக்கும். அந்தக் கப்பலின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதை 120ஆல் பெருக்கினால் வரும் 7,200ஐ, சுற்று வேகமான 144ஆல் வகுத்தால் 50 காந்தத் துருவங்கள். உங்கள் 1,440 சுற்று மோட்டாரில் இருப்பவை நான்கே. ஐம்பது துருவங்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் காயில் சுற்ற இடம் விடுவதற்கே பெரிய வளையம் வேண்டும். இவ்வளவு பெரிய மோட்டாரில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே சூடாக வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், அது 880 கிலோவாட், 5 எச்.பி. மோட்டார்கள் 230க்கும் மேல் சேர்ந்து ஓடத் தேவையான திறன் அது. ஆகவே குளிர்விக்கும் ஏற்பாடே தனியொரு எந்திரத் தொகுதியாக நிற்கும். கப்பல் இப்போது துபாயில் மிதக்கும் ஓட்டலாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் மோட்டாரையே, தொடக்கத்தில் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்துத்தான் கிளப்புகிறோம். இப்படிப்பட்ட மோட்டார்களை எப்படிக் கிளப்புவார்கள்? இதைவிடத் திறன் மிக்கவை உண்டா?
— அதே வாசகர்

பதில்: நேரடியாக மின்சாரம் கொடுத்தால் மோட்டார் தன் வழக்கமான அளவைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே கப்பலில் மின்னணுக் கருவி ஒன்று, மின்சாரத்தின் அதிர்வெண்ணை (ஹெர்ட்ஸை) குறைவாகத் தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்தி, மோட்டாரை வேகத்துக்குக் கொண்டுவரும்.

இவற்றைவிடத் திறன் மிக்கவை நிச்சயமாக உண்டு. தெலங்கானாவில் காளேஸ்வரம் நீரேற்றுத் திட்டத்தின் காயத்ரி நிலத்தடி பம்ப் நிலையத்தில் ஒவ்வொன்றும் 139 மெகாவாட் கொண்ட 7 மோட்டார்கள் இருக்கின்றன. வேல்ஸில் மலையைக் குடைந்து கட்டி 1984இல் திறக்கப்பட்ட டினோர்விக் நீர்மின் நிலையத்தில் 300 மெகாவாட் அளவில் 6 எந்திரங்கள். இவை ஒரு நேரம் ஜெனரேட்டராகவும், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாராகவும் வேலை செய்பவை என்பதால், மோட்டார் பட்டியலில் சேர்க்கலாமா என்று உங்கள் நண்பர்கள் சண்டை போடக்கூடும். சேர்க்கலாம் என்பதே என் கட்சி. பம்பாக ஓட்டத் தொடங்கும்போது, அழுத்தக் காற்றைச் செலுத்தி விசையாழி (டர்பைன்) அறையிலிருந்து தண்ணீரை முதலில் வெளியேற்றிவிடுவார்கள். வெறுங்காற்றில் சுழன்று முழு வேகத்தை எட்டிய பிறகே தண்ணீரை உள்ளே விடுவார்கள். இதே வகை எந்திரங்கள், 100 மெகாவாட் அளவில் நான்கு, உங்கள் பக்கத்திலேயே வால்பாறை மலையில் காடம்பாறை நிலத்தடி மின்நிலையத்தில் இருக்கின்றன.