லைம் நோய் திரும்பி வந்துவிட்டதா?

கேள்வி: அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் வசிக்கிறோம். என் 9 வயது மகனுக்குச் சென்ற ஜூன் மாதம் தொடையில் பெரிய சிவந்த வட்டத் தடிப்பு வந்தது. லைம் நோய் என்று 14 நாட்கள் அமாக்சிசிலின் கொடுத்தார்கள், தடிப்பு மறைந்துவிட்டது. பத்து மாதம் கழித்து இப்போது சோர்ந்துபோய் இருக்கிறான். கால் வலிக்கிறது என்று இரவில் எழுந்து அழுகிறான். ரத்தப் பரிசோதனையில் மறுபடியும் ‘பாசிட்டிவ்’ என்று வந்துள்ளது. நோய் திரும்பிவிட்டது, மாதக்கணக்கில் ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது டாக்டர்?

பதில்: உங்கள் பயத்தை நான் சிறிதும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்ணி கடிப்பதால் பரவும் கிருமி உண்டாக்கும் இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் என்னும் ஊர் உங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே 1975-இல், ஒரே தெருவில் இத்தனை பிள்ளைகளுக்கு எப்படி முழங்கால் வீங்கும் என்று பாலி மரே முதலான தாய்மார்கள் விடாமல் கேட்டதால்தான், குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று அதுவரை நினைக்கப்பட்டது வேறொரு நோய் என்பதே மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. ஆகவே கேளுங்கள், விடாமல் கேளுங்கள். ஆனால், உங்களை இவ்வளவு கலங்கவைத்திருக்கும் அந்தப் பரிசோதனைத் தாள், நோய் திரும்பியதற்குச் சான்று அல்ல.

இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை; கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்களைத்தான் தேடுகிறது. கிருமி ஒழிந்த பிறகும் அந்தப் புரதங்கள் மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். சின்னம்மை வந்துபோன பிள்ளையின் ரத்தத்தில் அதன் தடயம் இருப்பதால் இன்னும் அம்மை இருக்கிறது என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். குணமாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்வதில் பயனில்லை. அறிக்கையில் ஐஜிஎம் (தொற்று ஏற்பட்டதும் முதலில் உண்டாகும் எதிர்ப்புப் புரத வகை) மட்டும் பாசிட்டிவ் என்று இருந்தால், நோய் தொடங்கிய முதல் மாதத்துக்குப் பிறகு அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

தடிப்பு நிலையிலேயே மருந்து முழுமையாகக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் முற்றிலும் குணமாகிவிடுகிறார்கள். 2012-இல் நியூயார்க் பகுதியிலிருந்து வந்த ஓர் ஆய்வில், இரண்டாவது, மூன்றாவது முறை தடிப்பு வந்த 17 பேரின் கிருமிகளை ஒப்பிட்டார்கள். அடுத்தடுத்து வந்த தடிப்புகளில் ஒன்றில்கூட முந்தைய தடிப்பின் கிருமி வகையே இருக்கவில்லை. அதாவது பழைய நோய் தலைதூக்கவில்லை, புதிதாக உண்ணி கடித்திருக்கிறது. ஒருமுறை வந்துவிட்டதால் இந்த நோய் மறுபடி வராது என்பதும் இல்லை. எனவே அண்மையில் புதிய தடிப்பு ஏதும் வந்ததா, புல்வெளியிலோ மரங்களடியிலோ விளையாடினானா என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

அடுத்து, அவனுடைய முழங்காலைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் மல்லாந்து படுக்கவைத்து, இரண்டு கால்களையும் நீட்டி, தளர்வாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழங்கால் சில்லின் இருபுறமும் லேசான குழி தெரியும். மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால் அந்தக் குழி தூர்ந்து, மற்றக் காலைவிட முழங்கால் உருண்டையாகத் தெரியும், தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருக்கும். லைம் மூட்டழற்சியில் வலியைவிட வீக்கமே பெரிதாக இருக்கும்; பெரும்பாலும் ஒரு முழங்காலில்தான் வரும். அப்படி இருந்தாலும் அஞ்ச வேண்டாம். வாய்வழி மருந்தை 28 நாட்கள் கொடுத்தாலே பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். மாறாக, இரு கால்களிலும் இரவில் மட்டும் வலி வந்து, தேய்த்துவிட்டால் அடங்கி, காலையில் எழுந்து ஓடுகிறான், வீக்கமே இல்லை என்றால், அது இந்த வயதில் மிகச் சாதாரணமாக வரும் வளர்ச்சி வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எப்போதும் ஒரே இடத்தில் வலித்தாலோ, நொண்டி நடந்தாலோ, எடை குறைந்தாலோ அப்படி எண்ணி விட்டுவிடக்கூடாது.

சோர்வுக்கு ரத்தசோகை, தைராய்டு, தூக்கக்குறைவு, பள்ளியில் மனதை அழுத்தும் ஏதாவது ஒன்று எனப் பல காரணங்கள் உண்டு. லைம் என்ற ஒரே சொல்லில் நின்றுவிட்டால் இவை கண்ணில் படாமலே போய்விடும். குழந்தைநல மருத்துவர் நேரில் பார்த்து இவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

மாதக்கணக்கில் ஊசி மருந்து என்பதற்கு நான் உடன்படமாட்டேன். சிகிச்சைக்குப் பிறகும் தொந்தரவு தொடர்ந்த பெரியவர்களிடம் அமெரிக்காவிலும் (2001) நெதர்லாந்திலும் (2016) நடந்த ஆய்வுகளில், நீண்டநாள் ஆன்டிபயாடிக்கால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. மாறாக, ரத்தக்குழாயில் பொருத்தும் குழாய் வழியாகக் கிருமித்தொற்று, பித்தப்பைக் கல், கடும் வயிற்றுப்போக்கு ஆகிய ஆபத்துகள் உண்மையானவை. ஒரு குழந்தையை இதற்கு உட்படுத்த வலுவான காரணம் வேண்டும். அது இங்கே இல்லை.

ஆனால் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தாலோ, மயங்கி விழுந்தாலோ, காய்ச்சலோடு முழங்கால் வீங்கிக் காலை ஊன்ற மறுத்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மே முதல் ஜூலை வரை உங்கள் பகுதியில் இளம் உண்ணிகள் மிகுந்த காலம். கசகசா அளவுதான் இருக்கும். விளையாடி வந்ததும் தலைமுடி, காதுக்குப் பின்புறம், அக்குள், தொப்புள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்பக்கம் ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் நெருப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி பரவும். எடுத்த தேதியைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணி நெடுநேரம் ஒட்டியிருந்ததாகத் தெரிந்தால், நோய் வராமல் தடுக்க, எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக்கை ஒரே ஒரு வேளை கொடுப்பது பற்றி அவர் முடிவு செய்வார்.