பால்கனிக் கம்பி மேலேயா, கீழேயா? கட்டட டிராயிங் கேள்வி பதில்

அப்ரூவல் பிளானை வைத்தே வீடு கட்டலாமா சார்?
கூடாது. அறை எங்கே, செட்பேக் (மனை எல்லையிலிருந்து விடும் காலி இடம்) எவ்வளவு என்று அரசாங்கத்துக்குக் காட்டும் தாள் அது. பில்லரில் எத்தனை கம்பி என்பது ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில்தான் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த டிராயிங்கை ஏ4-ல் பிரிண்ட் எடுத்தேன். ஸ்கேல் வைத்தால் 12 அடி ஹால் நாலேகால் அடி காட்டுகிறது. டிராயிங் தப்பா?
தாள்தான் சின்னது. ஏ1 தாளை ஏ4 ஆக்கினால் நீளம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். ஸ்கேல் வைக்காதீர்கள்.

16 மி.மீ. கம்பி எடை?
விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுங்கள். மீட்டருக்கு 1.58 கிலோ.

4 அடி பால்கனிக்கு மெயின் கம்பியை மேலே காட்டியிருக்கிறார்கள். மேஸ்திரி கீழே போடலாம் என்கிறார்.
விடாதீர்கள். இரண்டு பக்கமும் சுவரில் உட்காரும் ரூஃப் நடுவில் தொய்யும், அடிப்பக்கம் இழுபடும். அதனால் கம்பி கீழே. பால்கனியை ஒரு பக்கம்தான் பிடித்திருக்கிறோம். நுனி தாழ்ந்தால் பீமை ஒட்டி மேல்பக்கம் பிளக்கும். அதனால் கம்பி மேலே. அது ரூஃபுக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதும் டிராயிங்கில் இருக்கும், அதையும் குறைக்கக் கூடாது.

மேலே கட்டினால் மட்டும் போதாது. ஒரு சைட்டில் எல்லாம் டிராயிங்படி கட்டியிருந்தார்கள். காங்கிரீட் போட்ட அன்று பாண்டு (கலவைச் சட்டி) சுமந்தவர்கள் கம்பி மேலேயே நடந்தார்கள். டேப்பை விட்டுப் பார்த்தேன். 5 அங்குல ஸ்லாபில் மேலிருந்து முக்கால் அங்குலத்தில் இருக்க வேண்டிய கம்பி 3 அங்குலத்தில் கிடந்தது. கீழே தாங்க ஒரு சேர் கம்பிகூட (மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்க நாற்காலி மாதிரி வளைத்த துண்டுக் கம்பி) இல்லை. வேலையை நிறுத்திச் சேர் வைத்தோம், நடக்கப் பலகை போட்டோம்.

என் அப்பா 35 வருஷ மேஸ்திரி. அவர் கட்டிய எந்தப் பால்கனியும் விழவில்லை. டிராயிங்கில் தப்பே வராதா சார்?
வரும். 230 மி.மீ. அகல பீமில் ஐந்து 20 மி.மீ. கம்பியை ஒரே வரிசையில் வரைந்த டிராயிங் ஒன்று வந்தது. கவர் (கம்பியை மூடும் காங்கிரீட்), ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) போக கம்பிக்குக் கம்பி 16 மி.மீ. சந்துதான். 20 மி.மீ. ஜல்லி எப்படி இறங்கும்? அதைப் பிடித்தவர் கம்பி கட்டுபவர்தான். ஆனால் அவர் போன் போட்டுக் கேட்டார், தானாக மாற்றவில்லை. ரிவிஷன் எண் போட்டுப் புது டிராயிங் வந்தது.

சரி, சேர் கம்பிக்குக் காசு யார் தருவது என்று அப்பா கேட்கிறார்.
நியாயமான கேள்வி. கம்பிப் பட்டியலிலேயே சேரையும் எழுத வேண்டியது டிராயிங் போடும் எங்கள் வேலை. எங்களில் பலர் எழுதுவதில்லை. அப்புறம் கான்ட்ராக்டர் தன் கையிலிருந்தா போடுவார்? அப்பா சொல்வது சரி.

மனையடிப்படி 11 அடி உள்ளளவு பூச்சுக்கு முன்பா, பின்பா?
ஜோசியரைக் கேளுங்கள். டிராயிங்கில் பொதுவாக இருப்பது செங்கலுக்குச் செங்கல் அளவு. பூச்சில் ஏறக்குறைய ஒரு அங்குலம் போகும்.

அப்ரூவல் பிளானிலேயே பில்லர் கட்டம் போட்டிருக்கிறதே, அதை வைத்து...
முதல் பதில்.

ஜன்னல் அளவு எழுதவில்லை. ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளவா?
ஐயா! கதவு ஜன்னல் பட்டியலைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் வரைந்தவருக்குப் போன் போடுங்கள்.