வாங்கும் முன் கேளுங்கள்: பத்தாயிரம் ரூபாயும் கிரிப்டோவும்

இந்த முறை தபால்பெட்டியில் மிக்சியும் இல்லை, மெத்தையும் இல்லை. பாதிக்கு மேல் கிரிப்டோதான், அதுவும் சிறுமுதல்காரர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் பத்தாயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன். தினமும் ஒரு தடவை வாங்கி விற்று நூறு ரூபாய் எடுத்தால் போதும். பேராசை கிடையாது. முடியுமா?
ச.மு., திருப்பூர்

பத்தாயிரத்தைப் போட்டு வருடத்துக்கு 36,500 எடுப்பது பேராசை இல்லையென்றால் அந்தச் சொல்லை அகராதியிலிருந்து எடுத்துவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். விலை இம்மியும் அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்சேஞ்சின் கட்டணம் 0.2 சதவீதம் என்று கொள்வோம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 0.236. வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது ஒரு தடவை. விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி. இது 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்படி 20 தடவை வாங்கி விற்றால் உங்கள் 10,000 சுமார் 7,440 ஆகிவிடும். போன 2,560-இல் ஏறக்குறைய 1,740 டிடிஎஸ், மீதி கட்டணம். டிடிஎஸ் உங்கள் பான் எண்ணில் வரவாக நிற்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதுவரை வியாபாரத்துக்கு உதவாது. கட்டணம் போனது போனதுதான்.

அதாவது ஒவ்வொரு தடவையும் விலை சுமார் 1.5 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். சின்ன முதலைத் தின்பது சந்தையைவிட இந்தத் தேய்மானம்தான். மாதத்துக்கு இரண்டு, மூன்று வியாபாரம் போதும். இலக்கு 8 முதல் 10 சதவீதமாவது இருக்கட்டும். பிட்காயின், ஈதர் என்ற இரண்டு காயின்களைத் தாண்ட வேண்டாம்.

ஒரு பயிற்சியாளர் 24,999 ரூபாய்க்கு டிரேடிங் வகுப்பு எடுக்கிறார். சேரலாமா? என்னிடம் முதல் 10,000 இருக்கிறது.
பெயர் வேண்டாம், சேலம்

வேண்டாம்.

குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ் போட்டேன். விலை பக்கத்தில் வந்ததும், திரும்பிவிடும் என்று தோன்றியதால் கீழே நகர்த்தினேன். பிறகு மறுபடியும் நகர்த்தினேன். இப்போது 10,000-இல் 5,900 இருக்கிறது. ஸ்டாப் லாஸால் என்ன பயன்?
கி.ரா., நாகர்கோவில்

நீங்கள் போட்டது ஸ்டாப் லாஸ் இல்லை, சக்கரம் வைத்த வேலி. 5,900 பழையபடி 10,000 ஆக கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏற வேண்டும். முதல் இடத்திலேயே வெளியே வந்திருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும்.

எவ்வளவுக்கு வாங்குவது என்பதைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் இந்த ஒரு வியாபாரத்தில் எவ்வளவு இழக்கலாம் என்று பாருங்கள். மொத்தத்தில் 1 சதவீதம், அதாவது 100 ரூபாய். அடுத்து, எந்த விலைக்குக் கீழே போனால் உங்கள் கணிப்பு தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள்? வரைபடத்தில் அண்மையில் விலை திரும்பிய பள்ளத்துக்குச் சற்றுக் கீழே. அது 5 சதவீதம் கீழே இருக்கிறது என்று கொள்வோம். இருபுறக் கட்டணம் 0.47-ஐச் சேர்த்தால் 5.47. நூறை 0.0547-ஆல் வகுத்தால் 1,828. ஆகவே 1,800 ரூபாய்க்கு மட்டும் வாங்குங்கள். பள்ளம் 10 சதவீதம் கீழே என்றால் 950 ரூபாய்க்கு மேல் கூடாது. மீதிப் பணம் சும்மா கிடக்கட்டும், அதற்குக் கை அரிக்கக் கூடாது.

இன்னொரு கோளாறு. பல எக்ஸ்சேஞ்சுகளில் இருப்பது ஸ்டாப்-லிமிட் மட்டும். அதில் இரண்டு விலை கேட்பார்கள்: ஆர்டர் கிளம்பும் விலை, விற்கச் சம்மதிக்கும் குறைந்தபட்ச விலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால், விலை சரிந்து ஓடும்போது ஆர்டர் கிளம்பும், ஆனால் வாங்க ஆளிருக்காது. நீங்கள் விற்காத காயினோடு மாட்டிக்கொள்வீர்கள். கிளம்பும் விலை 95 என்றால் லிமிட்டை 94.2-க்கு வையுங்கள். அந்த வித்தியாசத்தையும் மேலே சொன்ன கணக்கில் சேருங்கள். சிறிய காயின்களில் இதுவும் காப்பாற்றாது. அவற்றை ரூபாய்க்கு வாங்கி விற்கும் இடத்தில் ஆர்டர் புத்தகமே, அதாவது வாங்கவும் விற்கவும் காத்திருப்பவர்களின் பட்டியலே, காற்றாடும்.

வாங்குவதற்கு முன் நோட்டில் ஐந்தை எழுதுங்கள்: காரணம், வாங்கும் விலை, ஸ்டாப், தொகை, லாபத்தில் வெளியேறும் விலை. வாங்கிய பிறகு ஸ்டாப்பை மேலே மட்டும்தான் நகர்த்தலாம். தொடர்ந்து மூன்று நஷ்டம் என்றால் அந்த வாரம் கடை மூடல்.

ஒரு காயினில் 3,000 லாபம், இன்னொன்றில் 3,000 நஷ்டம். கணக்கு நேராகிவிட்டது, வரி இல்லைதானே?
வி., காரைக்குடி

இருக்கிறது. 936 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்கவும் முடியாது. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை மாற்றிக்கொண்டாலும் அது விற்பனைதான். வருமான வரிக் கணக்கின் ஐடிஆர்-1 படிவத்தில் இதற்கு இடமில்லை. ஐடிஆர்-2 அல்லது 3.

கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்கிற செயலியில் 5,000 ரூபாய்க்கு ஒரு காயின் வாங்கினேன். அடுத்த நிமிடமே மதிப்பு 4,804 என்று காட்டுகிறது. விலை இறங்கிவிட்டதா?
ஜெ.பா., பாண்டிச்சேரி

இல்லை. நீங்கள்தான் இறக்கப்பட்டீர்கள்.

இதைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, இன்னொரு தடவை எழுதுகிறேன். உண்மையான சந்தையில், அதாவது ஆர்டர் புத்தகத்தில், ஒருவர் 100-க்கு விற்கக் காத்திருக்கிறார், இன்னொருவர் 99.60-க்கு வாங்கக் காத்திருக்கிறார். வித்தியாசம் 40 பைசா. 'உடனே வாங்கு' பொத்தானோ உங்களுக்கு 102 என்று சொல்கிறது. அதே நிமிடம் 'உடனே விற்க' என்றால் 98. கட்டணம் சுழியம் என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள் இந்த நான்கு ரூபாயை எங்கேயும் எழுதவில்லை. உங்கள் 5,000-க்கு 102 வீதம் 49.02 காயின் கிடைத்தது. 98 வீதம் திருப்பிப் போட்டால் 4,804. கிட்டத்தட்ட 4 சதவீதம் போய்விட்டது. வெளிப்படையாக 0.2 சதவீதம் கட்டணம் கேட்பவர் இவரைவிட மகா யோக்கியர். மளிகைக் கடையில் எடைக்கல்லைத் தேய்த்து வைப்பவருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எடைக்கல்லுக்காவது முத்திரை போட ஓர் ஆய்வாளர் வருவார்.

செய்ய வேண்டியது சுலபம். வாங்கும் முன் அதே திரையில் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி அரை சதவீதத்தைத் தாண்டினால் மூடிவிடுங்கள். அதே நிறுவனத்தின் செயலியிலேயே 'ஸ்பாட்' அல்லது 'புரோ' என்று ஒரு மூலையில் ஆர்டர் புத்தகம் ஒளிந்திருக்கும். அங்கே நீங்கள் சொன்ன விலைக்கு மட்டும் வாங்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள். பத்து நிமிடம் காத்திருக்கலாம், குடி முழுகாது. நானும் அந்தப் பொத்தானை அழுத்திக் காசு விட்டவன்தான்.

டெலிகிராமில் பழக்கமானவர் சொன்ன செயலியில் 60,000 போட்டேன். இப்போது 3.8 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால் 30 சதவீத வரியை முதலில் கட்டச் சொல்கிறார்கள். நகையை வைத்துக் கட்டலாமா? வீட்டில் யாருக்கும் தெரியாது.
ஒரு வாசகி, மதுரை

அம்மா, நகையைத் தொடாதீர்கள். இந்தியாவில் எந்த எக்ஸ்சேஞ்சும் 30 சதவீத வரியை முன்கூட்டி வசூலிப்பதில்லை. அது நீங்கள் அரசுக்கு நேரே கட்டுவது. அந்த 3.8 லட்சம் திரையில் எழுதிய எண் மட்டுமே.

இப்போதே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். பணம் கைமாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். யுபிஐ அல்லது வங்கிப் பரிமாற்றத்தின் குறிப்பு எண் (யுடிஆர்), பணம் போன கணக்கு, உரையாடல்களின் படங்கள், காயினாக அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் அடையாளமான ஹாஷ் எண், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். குழுவிலிருந்து வெளியேறும் முன் படம் எடுத்துவிடுங்கள், அவர்கள் அழித்துவிடுவார்கள். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்த வாரம் ஒருவர், 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் மட்டும் கொடுங்கள்' என்று வருவார். அவரும் அதே கூட்டம்தான். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும், நீங்கள் இல்லை.

வருங்கால விலை மீதான ஒப்பந்த வியாபாரமான பியூச்சர்ஸில் 10 மடங்கு லெவரேஜ். 2,000 ரூபாயில் 20,000-க்கு வியாபாரம். டிடிஎஸ்ஸும் பிடிப்பதில்லை என்கிறார்கள். நல்லதுதானே?
அ.சு., ஈரோடு

விலை 10 சதவீதம் எதிராகப் போகும் முன்பே உங்கள் 2,000 காலி. கணக்கில் எப்போதும் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அதாவது பராமரிப்பு மார்ஜின், இருப்பதால் அதற்குச் சற்று முன்னரே உங்கள் வியாபாரத்தை மூடிவிடுவார்கள். கட்டணம் 20,000-க்கு, 2,000-க்கு அல்ல. 0.05 சதவீதம் என்றாலும் போக, வர, ஜிஎஸ்டியோடு 23.60, அதாவது உங்கள் பணத்தில் 1.18 சதவீதம். டிடிஎஸ்ஸை மிச்சப்படுத்திய லட்சணம் இது.

எக்ஸ்ஆர்பி என்ற காயினை வேறு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினேன். டேக் எண் போடவில்லை. வந்து சேரவில்லை.
தா., வேலூர்

சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்திருக்கும், படிக்காமல் தாண்டியிருப்பீர்கள். அந்த முகவரி எல்லா வாடிக்கையாளருக்கும் பொது. டேக் எண்தான் உங்கள் கதவிலக்கம். பெற்ற எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவுக்கு ஹாஷ் எண், தொகை, நேரம், அனுப்பிய முகவரி எல்லாம் கொடுத்து எழுதுங்கள். பெரும்பாலும் மீட்கலாம், நாளாகும், கட்டணமும் கேட்கலாம். இனி முதலில் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். 

எக்ஸ்சேஞ்சே திருடு போனால் யாரிடம் போவது?
மு.இ., தஞ்சாவூர்

வங்கிக்கு இருப்பதுபோல வைப்புக் காப்பீடு இதற்குக் கிடையாது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. வாடிக்கையாளர் கணக்குகள் ஒரு வருடத்துக்கும் மேல் முடங்கின. அதில் சென்னை வாடிக்கையாளர் ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என்றே ஏற்றது. தெம்பு தரும் தீர்ப்பு, ஆனால் பத்தாயிரத்துக்காக உயர் நீதிமன்றம் ஏற முடியுமா? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை. எதிர்த்தரப்பு, 'இவர் வணிக நோக்கில் வாங்கியவர், நுகர்வோரே அல்ல' என்று வாதிடும், தயாராக இருங்கள். மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த நிறுவனமா என்று முதலில் பாருங்கள். பதிவு கறுப்புப் பணப் பரிமாற்றத்தைத் தடுப்பதற்கானது, உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் அல்ல.

அப்படியானால் காயின்களின் சாவியை நம் கையிலேயே வைத்திருக்கும் கருவியான ஹார்ட்வேர் வாலட் வாங்கிவிடலாமா?
அதே மு.இ.

பத்தாயிரம் ரூபாய்க்கா? பணப்பெட்டிக்கே பணத்தில் பெரும்பகுதி போய்விடும். என்னுடையது மேசை இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது.