காந்தம் ஒட்டாத வாள் வெண்கலம்தானா?

பண்டைய சீன மன்னர் கோவ்ஜியனின் வெண்கல வாளுக்கு மலிவு விலையில் ஒரு நகல் வாங்கியிருக்கிறீர்கள். அதில் காந்தம் ஒட்டவில்லை, அப்படியானால் வெண்கலம்தானே, தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அது வெண்கலம் ஆகிவிடாது. பித்தளையிலும் துத்தநாகக் கலவையிலும்கூட ஒட்டாது. அதனால் அந்த நகலால் தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பார்க்கும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நீங்கள் சொன்ன மலிவு விலைக்கு, துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே செம்பு முலாம் பூசியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓங்கி வெட்டினால் அது பட்டென்று ஒடியும். துண்டு முகத்தில் தெறிக்கலாம்.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள்:

1. வாளை கிராமில் எடை போடுங்கள்.
2. உயரமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். வாளை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள்.
3. முதல் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள்.

6.7 பக்கம் வந்தால் துத்தநாகக் கலவை. வெண்கலம் 8.7, 8.8 பக்கம் வரும். ஆனால் பித்தளையும் 8.5 வரை வரும் என்பதால் இந்தச் சோதனை அவை இரண்டையும் தெளிவாகப் பிரிக்காது. பிடி உள்ளே பொள்ளலாக இருந்தாலும் கணக்கு தப்பும்.

வெட்டத்தான் வேண்டுமென்றால், செம்பில் சுமார் 10% வெள்ளீயம் கலந்து, வார்த்தபின் விளிம்பைச் சுத்தியலால் தட்டி இறுக்கிய வாளாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் செம்பு வாள் சுவரில் மாட்டத்தான், வெட்டினால் வளைந்துவிடும். 1965இல் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் கிடைத்த அசல் கோவ்ஜியன் வாளில், நடுப்பகுதியைவிட விளிம்பில் வெள்ளீயம் அதிகம். ஒரே வார்ப்பில் செய்த நகலிடம் அந்த உறுதியை எதிர்பார்க்க வேண்டாம்.