உப்புத் தண்ணியிலிருந்து எம்டன் வரை: வடசென்னைக் கேள்விகள்

தண்டையார்பேட்டை: அண்ணே, எங்க வீட்டு போர்வெல் 60 அடி. நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப உப்பு கரிக்குது. 150 அடிக்கு இறக்கிடலாமா?

இறக்காதீங்க தம்பி, காசுதான் போகும். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம் கனம் அதிகம். அதனால் நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழே உப்பு நாளடைவில் 40 அடி ஏறிவிடும். ஆழம் போகப்போக உப்பைத்தான் தேடிப் போகிறீர்கள். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்ததற்கும் அளவுக்கு மீறி இறைத்ததே காரணம்.

மோட்டார் போட்டதும் நல்ல தண்ணீர், அரை மணி கழித்து உப்பு என்றால், குழாய்க்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பு போல எழும்புகிறது என்று அர்த்தம். சின்ன மோட்டார் வையுங்கள். ஒரே மூச்சில் தொட்டியை நிரப்பாமல் இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

அடுத்து மழைநீர். 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். சென்னையின் ஆண்டு மழைக்கு அது ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். அதைச் சாக்கடைக்கு விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஜல்லியும் மேலே மணலும் போட்ட குழிக்குத் திருப்புங்கள். மேல் மணலில் வண்டல் படிந்தால் குழி அடைத்துக்கொள்ளும், அதனால் ஐப்பசி மழைக்கு முன் அதைச் சுரண்டி மாற்றிவிட வேண்டும். பலன் ஒரே மழையில் தெரியாது. தெருவே சேர்ந்து செய்தால்தான் மட்டம் ஏறும்.

அதே தண்ணியைக் காய்ச்சினா உப்பு போகுமா?

போகாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும், கரிப்பு கூடும். பாத்திரத்தில் படியும் வெள்ளை சுண்ணாம்பு வகை; சோற்றுப்பு அல்ல.

கொடுங்கையூர்: வெள்ளம் வடிஞ்சதும் சம்ப்புக்கு, அதான் தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டிக்கு, பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும் சார்?

முதலில் சம்ப்பைக் காலி செய்து, சேறு வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள் அம்மா. சாக்கடை கலந்த தண்ணீரில் குளோரினை அந்த அழுக்கே தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. பிறகு நல்ல தண்ணீர் பிடித்து, 1000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். பிளாஸ்டிக் பக்கெட்டில் குழைத்து, நீர் ஊற்றிக் கலக்கி, தெளிந்ததும் மேல் நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு வேண்டாம். அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம். திறந்து கிடந்த பாக்கெட் வீரியம் இழந்திருக்கும். ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

புளியந்தோப்பு: எம்டன் கப்பல் ஏன் சென்னையில எண்ணெய் டாங்கியைக் குறிவைச்சுது?

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை வாக்கில் சர்ச்லைட் அடித்து, துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் டாங்கிகளைச் சுட்டது அந்த ஜெர்மன் கப்பல். எண்ணெய் எரிந்தால் வெகுதூரம் தெரியும். ஊரைப் பிடிப்பது கேப்டன் முல்லரின் நோக்கமல்ல. ஆங்கிலேயர் மீதிருந்த நம்பிக்கையை அசைப்பதும் வங்காள விரிகுடா வணிகத்தை முடக்குவதும்தான். சுமார் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு இருட்டில் நழுவினார்.

காசிமேட்டுல மீன் வாங்கி எண்ணூர் எடுத்துட்டுப் போக ஐஸ் எவ்வளவு வேணும்?

1 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர 350 கிராம் ஐஸ் போதும். ஆனால் வெளிச் சூடு பெட்டியின் சுவர் வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும், அதனால் சரிக்குச் சரி போடுங்கள். கட்டியாக வைத்தால் மீனைத் தொடாத இடம் கெடும். உடைத்து, அடியில் ஒரு அடுக்கு, மீனுக்கு இடையில், மேலே என்று போடுங்கள். உருகின நீர் வடிய ஓட்டை வேண்டும், அதில் ஊறினால் சதை வெளுத்துச் சுவை போய்விடும்.