‘என் மெஷினில் ஓடுகிறதே!’ – கணினி கேள்வி பதில்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் ‘போர்ட்ஸ்’ தொகுப்பு 1994-ல் தொடங்கியது. மென்பொருளின் மூல நிரலை இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்து (இயங்கும் வடிவாக்கி; ‘பில்ட்’ என்பதும் இதுதான்) நிறுவ உதவுவது. அதில் போர்ட் (ஒரு மென்பொருளை எங்கிருந்து இறக்கி எப்படி நிறுவுவது என்று சொல்லும் குறிப்புக் கோப்புகள்) பராமரிக்கும் மதுரை வட்டார வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

உசிலம்பட்டி வாசகர்: புது வெர்ஷன் வந்ததும் மேக்ஃபைலில் (போர்ட்டின் முக்கியக் குறிப்புக் கோப்பு) எண்ணை மாற்றி நிறுவினேன், நன்றாக ஓடியது. அனுப்பிய பேட்ச் (திருத்தம்) மட்டும் ‘பில்ட் ஆகவில்லை’ என்று திரும்பி வந்துவிட்டது. ஏன்?

உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் லைப்ரரிகள்தான் உங்களை ஏமாற்றியிருக்கும். பில்டுக்கு முன் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். தேவையான லைப்ரரிகளைச் சொல்லும் ‘லிப்_டிபெண்ட்ஸ்’ வரியில் ஒன்றை எழுத மறந்திருந்தாலும் உங்களிடம் குறை தெரியாது. வெறும் சிஸ்டத்தில்தான் தெரியும்.

எண்ணை மாற்றும்போதே பழைய ‘போர்ட்ரிவிஷன்’ வரியை (வெர்ஷன் மாறாமல் போர்ட் மட்டும் மாறியதைக் குறிக்கும் எண்) நீக்குங்கள். பிறகு ‘மேக் மேக்சம்’ (கோப்பின் அடையாள எண்ணான செக்சத்தை எழுத), ‘மேக் ஸ்டேஜ்’ (தற்காலிக அடைவில் நிறுவிப் பார்க்க), ‘மேக் செக்-பிளிஸ்ட்’ (கோப்புப் பட்டியலைச் சரிபார்க்க) என்ற வரிசையில் போங்கள். போர்ட்டைச் சோதிக்கும் ‘போர்ட்லிண்ட்’ சொல்லும் குறைகளையும் திருத்திவிட்டு, கடைசியாக, போர்ட்களைத் தனியாக பில்ட் செய்யும் கருவியான பூட்ரியேரின் ‘பூட்ரியேர் டெஸ்ட்போர்ட்’. அது சுத்தமான ஜெயிலில் (கணினிக்குள் தனியாகப் பிரித்த சூழல்) நீங்கள் எழுதிய டிபெண்டன்சிகளை மட்டும் போட்டு பில்ட் செய்யும். கோப்புகளை இறக்கும் கட்டம் முடிந்ததும் நெட்வொர்க்கையும் துண்டித்துவிடும்; ஆகவே நடுவில் இணையத்திலிருந்து எதையாவது இழுக்கும் பில்ட் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கோப்புப் பட்டியலுக்கு ‘மேக் மேக்பிளிஸ்ட்’ தருவதை அப்படியே ஒட்டாதீர்கள். அதன் முதல் வரியே ‘இது தந்ததை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்’ என்ற பொருளில் ஒரு போலிப் பாதை. பார்க்காமல் ஒட்டுகிறவர்கள் அந்த வரியையும் சேர்த்தே ஒட்டுவார்கள் என்று தெரிந்து வைத்தது போலிருக்கிறது!

திருமங்கலம் வாசகர்: நேற்று வரை சரியாக இருந்த போர்ட், இன்று ‘செக்சம் பொருந்தவில்லை’ என்கிறது. ‘மேக்சம்’ போட்டால் சரியாகிவிடுகிறது. போடலாமா?

கூடாது. ‘டிஸ்ட்இன்ஃபோ’ கோப்பில் இருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணும் (அதுதான் செக்சம்) அளவும்தான் உங்கள் பயனர்களுக்கு இருக்கும் ஒரே காவல். காரணம் தெரியாமல் ‘மேக்சம்’ போடுவது, அந்தக் காவலை நீங்களே விலக்குவது.

முதலில் அளவைப் பாருங்கள். சில கேபி மட்டும் இருந்தால், மூல நிரலை அடைத்த டார் கோப்புக்குப் பதிலாக ஏதோ எரர் பக்கம் இறங்கியிருக்கலாம். ‘டிஸ்ட்ஃபைல்ஸ்’ அடைவில் அதை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். அளவு ஏறக்குறைய சரியென்றால், பழைய பிரதியைத் தேடிப் பிடித்து, இரண்டையும் விரித்து ‘டிஃப்’ (வேறுபாடு காட்டும் கட்டளை) போடுங்கள். உள்ளே ஒரு பைட்டும் மாறவில்லையென்றால் சுருக்கிய விதம் மட்டும் மாறியிருக்கிறது. 2023 ஜனவரி 30 அன்று, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் இதுதான் நடந்தது: தானாக உருவாகும் ஆர்க்கைவ்களின் செக்சம்கள் மொத்தமாக மாற, பல தொகுப்புகளின் பில்ட்கள் விழுந்தன, பிறகு மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். உள்ளே வேறுபாடு இருந்தால், மென்பொருளின் ஆசிரியரிடம் கேட்டுப் பதில் வரும்வரை கை வைக்காதீர்கள்.

செக்சம் பொருந்திவிட்டாலே நல்ல கோப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2024-ல், கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்வாசலை (ரகசிய நுழைவழி) தூண்டிய வரிகள் டார் கோப்பில் இருந்தன, கிட் களஞ்சியத்தில் இல்லை. புது வெர்ஷனுக்கு மாறும்போது, பழைய டாருக்கும் புதியதற்கும் உள்ள டிஃப்பை ஒருமுறையாவது ஓட்டிப் பார்ப்பது அதனால்தான்.

திருப்பரங்குன்றம் வாசகர்: என் போர்ட் ஒரு லைப்ரரி. அதன் எஸ்ஓ எண் (பிற மென்பொருள்கள் அதைத் தேடும் பதிப்பு எண்) 3-லிருந்து 4 ஆகிவிட்டது. வேறென்ன செய்ய வேண்டும்?

அதை நம்பியிருக்கும் ஒவ்வொரு போர்ட்டின் ‘போர்ட்ரிவிஷன்’ எண்ணையும் ஒன்று கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் வெர்ஷன் மாறாது, யாரும் மறுபடி பில்ட் செய்ய மாட்டார்கள். திறக்கும்போது ‘லைப்ரரி கிடைக்கவில்லை’ என்று நிற்கும். தயாராக பில்ட் செய்த பேக்கேஜ்களை நிறுவும் பிகேஜி கருவியின் ‘பிகேஜி இன்ஃபோ’ உங்களிடம் நிறுவியவற்றை மட்டுமே காட்டும் என்பதால், போர்ட்ஸ் மரம் முழுக்க ‘கிரெப்’ (சொல் தேடும் கட்டளை) போட்டுத் தேடுங்கள். எண்களைக் கூட்ட, ‘டூல்ஸ்’ அடைவுக்குள் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அந்தப் போர்ட்களில் சிலவற்றையாவது பில்ட் செய்து பார்த்த பிறகே அனுப்புங்கள். புது ஏபிஐ-யில் (லைப்ரரி பிறருக்குத் தரும் ஃபங்ஷன்களின் தொகுதி) ஒரு ஃபங்ஷன் காணாமல் போயிருந்தால் அங்கேதான் தெரியும்.

மேலூர் வாசகர்: 8 ஜிபி ராம். ரஸ்ட், எல்எல்விஎம் போன்ற பெரிய பில்ட்கள் ‘கில்டு’ என்று நின்றுவிடுகின்றன. இடையில் கரண்டும் போகிறது.

நினைவகம் தீர்ந்து கெர்னல் கொல்கிறது. பூட்ரியேர் கான்ஃபிகில் ‘யூஸ்_டிஎம்பிஎஃப்எஸ்’ என்பதை ‘நோ’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் வேலை அடைவே ராமைத் தின்னும். ‘பேரலல்_ஜாப்ஸ்’ (ஒரே நேரத்தில் ஓடும் பில்ட்கள்) 2 போதும், 16 ஜிபி ஸ்வாப் (ராம் போதாதபோது உதவும் வட்டு இடம்) வையுங்கள். நேரம் அதிகமாகும்தான், சித்திரை வெயிலில் பகலில் ஓட்டாமல் இரவில் விட்டுவிடுங்கள்.

கரண்ட் போய் வந்தால், முடிந்த பேக்கேஜ்களை பூட்ரியேர் வைத்திருக்கும். பாதியில் நின்றதை மட்டும் முதலிலிருந்து தொடங்கும். நேரடியாக ‘மேக்’ ஓட்டுகிறவர்களுக்குத்தான் தலைவலி. பாதி எழுதிய ஆப்ஜெக்ட் கோப்பை ‘மேக்’ முடிந்ததாக எடுத்துக்கொள்ளும், பிறகு அந்தக் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்க்கர் ‘கோப்பின் வகை தெரியவில்லை’ என்று சம்பந்தமில்லாத இடத்தில் அலறும். நிரலில் பிழை தேடாமல் ‘மேக் கிளீன்’ கொடுத்து மறுபடி தொடங்குங்கள்.

கே.கே.நகர் வாசகர்: சிலவற்றை பிகேஜி மூலமும் சிலவற்றைப் போர்ட்ஸ் மூலமும் போடலாமா?

இரண்டும் ஒரே கிளையாக (போர்ட்ஸின் ஒரே பதிப்பு வரிசை) இருந்தால் போடலாம். பிகேஜி பெரும்பாலும் காலாண்டுக் கிளையில் இருக்கும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் புதிதாகும். நீங்கள் குளோன் செய்த போர்ட்ஸ் மரம் ‘மெயின்’ கிளை என்றால் லைப்ரரி எண்கள் ஒத்துப்போகாது. ஒன்று மரத்தைக் காலாண்டுக் கிளைக்கு மாற்றுங்கள், அல்லது பிகேஜியின் ரெப்போ கோப்பில் ‘குவார்ட்டர்லி’ என்பதை ‘லேட்டஸ்ட்’ ஆக்குங்கள்.